இதுல வட்டம் எங்கன இருக்கு, மிஸ்?

கணக்கிலிருந்து தப்பிப்பதற்காகவே வரலாறு எடுத்த பிள்ளைகளுக்கு நான் பல வருஷம் கணக்கு நடத்தியிருக்கிறேன். போன மாதம் என் பழைய கல்லூரியிலிருந்து இளம் ஆசிரியை ஒருத்தி போன் பண்ணினாள். கணக்கு அல்லாத வேறு பாடம் படிக்கும் மாணவிகளுக்கென்று புதிதாக ஒரு செய்முறை அறை திறந்திருக்கிறார்களாம். பிளாஸ்டிக் கட்டைகளும் காந்த வட்டங்களும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியிருக்கின்றன. "உங்க காலத்துல பிள்ளைங்க கையில என்ன மேடம் குடுத்தீங்க?" என்று கேட்டாள். "விளக்குமாறு" என்றேன். அவள் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போனில் விளக்கி மாளாது என்பதால் எழுதுகிறேன்.

நான் படித்ததும் வேலைக்கு வந்ததும் பெரிய கதையில்லை. கல்லிடைக்குறிச்சியில் பள்ளிக்கூடம், பாளையங்கோட்டையில் பட்டம், மதுரையில் மேல்படிப்பு, பிறகு மறுபடியும் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை. முதல் பத்து வருஷம் கணக்கை விரும்பி எடுத்த பிள்ளைகளுக்கு மட்டும்தான் நடத்தினேன். கரும்பலகையின் மேல் மூலையில் தேற்றத்தை எழுதத் தொடங்கிக் கீழ் மூலையில் நிரூபணத்தை முடித்துவிட்டுத் திரும்புவேன். பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார்கள். புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவேண்டிய நெருக்கடியும் வந்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் பாடத்திட்டம் மாறியது. எந்தப் பட்டப்படிப்பு படித்தாலும் இரண்டாம் வருஷத்தில் ஒரு பருவம் கணக்கு கட்டாயம் என்றார்கள். அதில் தேறாவிட்டால் பட்டம் கிடையாது.

எங்கள் துறைத்தலைவர் எஸ்தர் மிஸ். பாளையங்கோட்டையின் பழைய மிஷன் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். கஞ்சி போட்ட வெள்ளைப் பருத்திச் சேலை, கறுப்பு வார் போட்ட கைக்கடிகாரம். வேறு நகை கிடையாது. அவர்கள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. விடைத்தாளைப் பென்சிலால்தான் திருத்துவார்கள். நம்மிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். கேட்டுவிட்டுத் தம் வேலையில் குனிந்துவிடுவார்கள். உடனே பதில் சொன்னால் பிடிக்காது. "யோசிக்காம சொல்லுதிய" என்பார்கள், தலையை நிமிர்த்தாமலே. நாம் போய்விட வேண்டும். இரண்டு நாள் கழித்து ஒழுங்கான பதிலோடு போனால் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்வார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அது அவமானமாக இருந்தது. போகப்போக, அவர்கள் அறையிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் தலைக்குள் ஏதோ ஊர்ந்துகொண்டிருப்பதை ரசிக்கப் பழகிவிட்டேன்.

புதிய பாடத்தை யார் எடுக்கப்போகிறீர்கள் என்று துறைக்கூட்டத்தில் கேட்டார்கள். எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"கோமதி, தலையை நிமிர்த்தி வச்சிருக்கது நீங்க ஒருத்திதான். நீங்களே எடுங்க" என்று முடித்துவிட்டார்கள்.

எனக்குக் கிடைத்தது வரலாறு இரண்டாம் ஆண்டு. மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த வகுப்பு. சதவீதம், விகிதம், சராசரி என்று முதல் இரண்டு வாரம் வழக்கம்போலப் பலகையில் நடத்தினேன். முன்வரிசையில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள். பின்வரிசையில் அந்த மரியாதையும் இல்லை. இவர்கள் கைக்கு ஏதாவது வேலை கொடுத்தால்தான் ஆகும் என்று தோன்றியது.

கைவேலை என்றதும் எல்லோருக்கும் தோன்றுவதுதான் எனக்கும் தோன்றியது. புள்ளிக்கோலம். எத்தனை புள்ளி வைத்தால் ஒரே இழையில் கோலம் முடியும் என்பது நல்ல கணக்கு. ஆளுக்கொரு தாளைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னதும் முன்வரிசை இசக்கியம்மாள் எழுந்தாள். டவுனிலிருந்து வருகிறவள், வாய் கொஞ்சம் அதிகம்.

"மிஸ், விடிய எந்திரிச்சு வாசத்தெளிச்சுக் கோலம் போட்டுட்டு, பஸ்ஸப் பிடிச்சு இங்க ஓடி வந்தா, இங்கனயும் கோலமா?"

வகுப்பே சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், சிரிப்பில்லாமல் வந்தது. "எங்க வீட்டுல கோலமே கெடையாது மிஸ்."

அவள் ஜெயசீலி. சாத்தான்குளத்துப் பக்கம் ஒரு கிராமம். விடுதியில் தங்கிப் படித்தாள். ஒல்லியாக, நெற்றியைச் சுருக்கியபடியே இருப்பாள். எண்ணிப் பார்த்தால் வகுப்பில் பாதிப்பேர் அவளைப்போல வேதக்கார, கிறிஸ்தவப் பிள்ளைகள். கோலத்தை அன்றோடு விட்டேன்.

அடுத்து ஒரு சனிக்கிழமை எல்லோரையும் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனேன். தாமிரபரணியின் அகலத்தை ஆற்றில் இறங்காமல் அளக்கவேண்டும். அக்கரையில் தெரிந்த ஒரு பாறையைக் குறிவைத்து இக்கரையில் முளைகளை அடித்துக் கயிறு கட்டி, அங்கே கிடக்கும் முக்கோணத்துக்குச் சரியான இரட்டை முக்கோணத்தை இங்கே மணலில் போட்டார்கள். மணலில் கிடந்ததை அளந்தால் ஆற்றின் அகலம் வந்துவிடும். பிறகு பக்கத்துப் பாலத்தின் மேல் நாடாவைப் பிடித்து அளந்து பார்த்தோம். ஏறக்குறைய ஒத்துப்போனது. பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

திரும்பும்போது ஜெயசீலி பக்கத்தில் வந்தாள். "பாலத்து மேல நடந்தே அளந்திருக்கலாமே மிஸ். இதுக்கு எதுக்குக் கயிறும் முளையும்?"

"பாலம் இல்லாத எடத்துல என்ன செய்வே?"

"அதுக்கில்ல. உங்களுக்கு வெடை முன்னாடியே தெரியும். தெரிஞ்சு வச்சுக்கிட்டு எங்கள வெளையாட விடுதிய. சின்னப்பிள்ளைக்குச் சோத்துருண்டைக்குள்ள மாத்திரைய வச்சுக் குடுக்க மாதிரி."

நியாயமான பேச்சு. பதில் தெரிந்த ஒருத்தி, பதில் தெரியாதவர்களைச் சுற்றி வளைத்துப் பதிலிடம் கொண்டுவிடுவதுதான் அதுவரை நான் செய்திருந்தது. சரி, யாரும் எதிர்பார்க்காத இடத்தில் விடை போய் நிற்கிற ஒன்றைக் கொடுப்போம் என்று யோசித்தேன். அப்படித்தான் விளக்குமாறு வகுப்புக்குள் வந்தது.

சமமான இடைவெளியில் கோடுகள் போட்ட தரை. இடைவெளி எவ்வளவோ அதே நீளத்தில் குச்சிகள். குச்சியைக் கண்ணை மூடிக்கொண்டு போட வேண்டும். கோட்டைத் தொட்டு விழுகிறதா, தொடாமல் விழுகிறதா என்று எண்ண வேண்டும். போட்ட தடவையை இரட்டித்து, அதைத் தொட்ட தடவையால் வகுத்தால் ஏறக்குறைய 3.14 வரும். வட்டத்தின் சுற்றளவை அதன் குறுக்களவால் வகுத்தால் வருமே, அந்தப் 'பை'. கோடும் குச்சியும் மட்டுமே இருக்கும் இடத்தில் அந்த எண் வருகிறது. இருநூறு வருஷத்துக்கு மேல் பழைய விளையாட்டு இது. சூத்திரமாக எனக்குத் தெரியும்; ஒரு தடவைகூடச் செய்து பார்த்ததில்லை.

எங்கள் கல்லூரியின் பழைய வராண்டாவில் கால் வழுக்காமல் இருக்க ஒரு சாண் இடைவெளியில் குறுக்கே கோடு கீறிய சிமெண்டுத் தரை. புது விளக்குமாறு ஒன்றைப் பிரித்து ஈர்க்குகளை ஒரு சாணுக்கு வெட்டிக் குழுக்களாகப் பிரித்துக் கொடுத்தேன். சூத்திரத்தைச் சொன்னேன், என்ன வரும் என்று சொல்லவில்லை. "விடை என்னன்னு நீங்களே பாருங்க" என்றேன். முதல் முறையாக அந்த வகுப்பில் ஒருத்திகூடத் தூங்கவில்லை. எல்லோரும் தரையில் உட்கார்ந்து போடுவதும் பொறுக்குவதும் "இது தொட்டுருக்கு", "தொடல ஏட்டி, நல்லாப் பாரு" என்று சண்டை பிடிப்பதுமாக வராண்டா அமளிப்பட்டது.

முடிவில் ஒவ்வொரு குழுவும் எண்ணைச் சொன்னது. 3.12. 3.16. இசக்கியம்மாள் குழு 3.14. நான் வாயெல்லாம் பல்லாக நின்றேன். கடைசியாக ஜெயசீலி. அவளோடு குழுவில் இருந்தவர்கள் பின்னால் ஒதுங்கி நிற்க, அவள்தான் சொன்னாள்.

"ரெண்டு புள்ளி எட்டு."

"இன்னொரு தடவ எண்ணிப் பாரேன்."

"மூணு தடவ எண்ணியாச்சு மிஸ். ரெண்டு புள்ளி எட்டுதான்."

யாரோ சிரித்தார்கள். மணி அடித்துவிட்டது. அவள் ஈர்க்குகளை ஒழுங்காகக் கட்டி என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை முடிவுகளை எஸ்தர் மிஸ்ஸிடம் கொண்டுபோனேன். வரலாற்றுப் பிள்ளைகள் 'பை'யைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று சொல்ல ஆசை. அவர்கள் பென்சிலை வைத்துவிட்டுப் படித்தார்கள். "எல்லாருக்கும் எப்படி இவ்வளவு சரியா வந்துச்சு?" என்று கேட்டார்கள். நான் கிளம்ப எழுந்தேன்.

"இருங்க. ஜெயசீலின்னு ஒரு பிள்ளை டி.சி. கேட்டுருக்கா. என்னம்மா காரணம்னு ஆபீஸ்ல கேட்டா, கணக்குன்னு ஒரே வார்த்தை சொல்லியிருக்கா. நம்ம பாடத்தால ஒரு பிள்ளை படிப்பை விட்டுட்டுப் போனா, அந்தப் பாடத்தை நடத்த நமக்கு என்ன யோக்கியதை இருக்கு?" இதையும் சொல்லிவிட்டுப் பென்சிலை எடுத்துக்கொண்டார்கள்.

நேரே வராண்டாவுக்குப் போனேன். நல்ல வெயில் நேரம். ஈர்க்குக் கட்டைப் பிரித்துத் தரையில் உட்கார்ந்து நானே போட ஆரம்பித்தேன். எதிர் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். போடப்போட, நான் சூத்திரத்தில் பார்க்காத ஒன்று கண்ணில் பட்டது. ஈர்க்கு விழுந்த இடத்தில் நிற்பதில்லை, உருளுகிறது. உருண்டு போய்க் கீறிய கோட்டின் பள்ளத்துக்குள் விழுந்து, நீளவாக்கில் அப்படியே படுத்துக்கொள்கிறது. கோட்டைத் தொடாமல் இருந்திருக்கவேண்டிய குச்சிகள் கோட்டுக்குள்ளேயே கிடக்கின்றன. தொட்ட எண்ணிக்கை கூடினால் விடை குறையும். எனக்கும் இரண்டே முக்காலுக்குப் பக்கத்தில்தான் வந்தது.

அந்தத் தரையில் 3.14 வரவே வராது. அப்படியென்றால் மற்றவர்களுக்கு எப்படி வந்தது?

விடுதிக்குப் போனேன். பார்வையாளர் அறைக்கு ஜெயசீலி வந்தாள். அழுத முகமில்லை, முடிவு பண்ணிவிட்ட முகம்.

"உன் விடைதான் சரி" என்றேன். "ஈர்க்கு உருண்டு பள்ளத்துல விழுது."

"தெரியும் மிஸ். நானும் பாத்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா சாக்கு சொல்லுதேன்னு நெனைப்பிய." பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "பத்தாவதுல ஒரு கணக்க என் போக்குல போட்டேன். வெடை சரியா வந்துட்டு. சார் நடத்துன வழியில இல்லைன்னு, பக்கத்துல பாத்து எழுதுனேன்னு சொல்லி எல்லாருக்கும் முன்னால நிக்க வச்சாங்க. நான் பாத்து எழுதல மிஸ். அதுக்கப்புறம் கணக்குன்னாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கும். அது இல்லாத படிப்பாப் பாத்து வந்தேன். இங்கனயும் வந்துட்டு. மத்த எல்லாருக்கும் சரியா வந்து எனக்கு மட்டும் தப்பா வரும்போது, அன்னைக்கு நின்னது மாதிரியே இருந்துச்சு."

ஆறுதல் வார்த்தை எதுவும் அவளிடம் செல்லாது என்று தெரிந்தது. "உருளாத தரை ஒண்ணு வேணும். எங்க கெடைக்கும்னு யோசிச்சுச் சொல்லு. அதுக்கப்புறம் டி.சி. வாங்கிக்கோ" என்றேன்.

அவள் வாசல்வரை என்னோடு வந்தாள். கதவில் கை வைத்தபடி நின்று சொன்னாள்: "ஜமக்காளம்."

பெரிய கூடத்தில் விழாவுக்கு விரிக்கும் பட்டை போட்ட ஜமக்காளம். சிவப்பும் நீலமும் மாறி மாறி, ஒரே அகலத்தில் பட்டைகள்; இரண்டு பட்டை சேரும் இடம்தான் கோடு. சொரசொரப்பான நெசவு; ஈர்க்கு விழுந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். எஸ்தர் மிஸ்ஸிடம் அனுமதி கேட்டேன். "கறை படக்கூடாது" என்று மட்டும் சொன்னார்கள்.

மறு வகுப்பில் ஜெயசீலி வந்து உட்கார்ந்திருந்தாள். பள்ளத்தில் விழுந்த ஈர்க்குகளின் கதையை வகுப்புக்குச் சொல்லிவிட்டு, இசக்கியம்மாளைப் பார்த்தேன். அவள் மறைக்கவில்லை. "பாதி போட்டுப் பாத்தோம் மிஸ், மூணுக்குப் பக்கத்துல வந்துச்சு. ரெட்டிச்சு வகுக்கச் சொன்னியளா, வட்டம் சம்பந்தப்பட்டதுதான்னு எங்க குழுவுல செல்வி சொன்னா. வட்டம்னா 3.14 தானே. அது வர்ற மாதிரி மீதிய எண்ணிக்கிட்டோம். நீங்க சந்தோசப்படுவியன்னு நெனச்சோம்." மற்றக் குழுக்களும் அவளிடம் கேட்டுக்கொண்டு அங்கங்கே ஒரு புள்ளி தள்ளிப் போட்டிருக்கிறார்கள்.

எனக்குக் கோபம் வரும் முன் ஜெயசீலி சொன்னாள். "நம்ம பாடத்துலயே இது உண்டும்லா ஏட்டி? ஒரு சண்டையைப் பத்தி நாலு பேரு எழுதுனது வார்த்தைக்கு வார்த்தை ஒண்ணுபோல இருந்தா, ஒருத்தரப் பாத்து ஒருத்தர் எழுதுனதுன்னுதானே சொல்லுவாங்க." வரலாற்று மாணவிகளுக்கு அது உடனே புரிந்தது. இசக்கியம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஜமக்காளத்தில் மறுபடி போட்டோம். ஈர்க்குகளைப் பட்டையின் அகலத்துக்கு வெட்டிக்கொண்டோம். இந்தத் தடவை ஒருவர் விடைகூட அடுத்தவர் விடையோடு ஒத்துப்போகவில்லை. ஒரு குழுவுக்கு மூன்றுக்குக் கீழே, ஒரு குழுவுக்கு மூன்றேகாலுக்கு மேலே. எல்லாக் குழுக்களின் எண்ணிக்கையையும் ஒன்றாகக் கூட்டி வகுத்தபோது 3.1 என்று ஆரம்பித்தது. யாரும் கை தட்டவில்லை. பலகையில் எழுதிய எண்ணை எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

"மிஸ்" என்றாள் ஜெயசீலி. "குச்சி நேரா இருக்கு. பட்டையும் நேரா இருக்கு. இதுல வட்டம் எங்கன இருக்கு?"

பலகைக்குத் திரும்பி, குச்சி எந்தக் கோணத்திலும் விழலாம், அந்தக் கோணங்களையெல்லாம் சேர்த்துத் தொகையிட்டால் என்று ஒரு பக்கம் எழுதினேன். தொகையீடு அவர்கள் படித்ததே இல்லை. அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"நீங்க எழுதுனது சரியாத்தான் மிஸ் இருக்கும். ஆனா நான் கேட்டது அது இல்லயே. கண்ணால பாக்க முடியுமா அந்த வட்டத்த?"

"எனக்குத் தெரியலை" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. மேடையில் நின்றுகொண்டு அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னபின் வகுப்பு முன்பைவிட நிமிர்ந்து உட்கார்ந்ததை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

அவள் டி.சி.யைப் பற்றிப் பேசவில்லை. "இது தெரிஞ்சிட்டுப் பாத்துக்கிடுதேன்" என்று விடுதித் தோழிகளிடம் சொன்னாளாம்.

ஒரு வாரம் அந்தக் கேள்வி என்னைத் தூக்கிக்கொண்டு அலைந்தது. சாம்பாரில் உப்பு இரண்டு தடவை போட்டேன். கடைசியில் எஸ்தர் மிஸ்ஸிடம் போய், ஜெயசீலி கேட்டதை அப்படியே சொன்னேன். அவர்கள் கையிலிருந்த விடைத்தாளைத் திருத்தி முடித்தார்கள். பிறகு, "குச்சி ஏன் நேராவே இருக்கணும்?" என்று கேட்டுவிட்டுக் குனிந்துகொண்டார்கள்.

வெளியே வந்து படி இறங்கும்போது எனக்கு லேசாகப் பிடிபட்டது. விளக்குமாற்று ஈர்க்கு காய்ந்தது; வளைத்தால் முறியும். வகுப்பில் கேட்டேன். "பச்சை ஈர்க்கு கெடைக்குமா?" சனி ஞாயிறுக்கு ஊருக்குப் போன ஜெயசீலி, பனையோலையிலிருந்து கிழித்த பச்சை ஈர்க்கு ஒரு கட்டு, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். வளைத்தால் வளைந்தது.

முதலில் ஈர்க்கை நடுவில் மடக்கிப் போட்டார்கள். மடங்கிய ஈர்க்கு சில தடவை கோட்டை இரண்டு இடத்தில் வெட்டும். சில தடவை வெட்டவே வெட்டாது. அதனால் எத்தனை இடத்தில் வெட்டுகிறது என்று எண்ணச் சொன்னேன். நிறையத் தடவை போட்டுக் கூட்டிப் பார்த்தால், நேர் ஈர்க்குக்கு வந்த அதே எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மூன்றாக மடக்கினார்கள். கோணல்மாணலாக வளைத்தார்கள். நீளம் ஒன்றாக இருக்கும்வரை கூட்டுத்தொகை பெரிதாக மாறவே இல்லை.

"அது எப்பிடி மிஸ்? வளைச்சா மாறணும்லா?" என்று இசக்கியம்மாள் என்னைக் கேட்டாள். நான் வாயைத் திறக்கும் முன் ஜெயசீலி, ஈர்க்கின் ஒரு நுனியைப் பிடித்து ஆட்டிக்கொண்டே, தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னாள்.

"இந்தத் துண்டு கோட்டுல விழுமா விழாதாங்கது இந்தத் துண்டோட பாடு. அடுத்த துண்டு எப்பிடிக் கெடக்குதுன்னு இதுக்கு என்ன தெரியும்? வளைச்சா என்ன, நிமித்துனா என்ன? எத்தனை துண்டு இருக்கோ அத்தனைக்குத்தான வெட்டும்."

கணக்கில் பட்டமேற்படிப்பு படித்தவர்கள் ஒரு நீளமான பெயர் வைத்துச் சொல்லும் விஷயம் அது. அதைவிடத் தெளிவாக நான் யார் சொல்லியும் கேட்டதில்லை.

பிறகு அவள் கை நின்றது. ஈர்க்கைப் பார்த்தாள், பட்டையைப் பார்த்தாள். இன்னும் நீளமான ஒரு பச்சை ஈர்க்கை எடுத்து வளையமாக வளைத்தாள். ஜமக்காளத்தின் மேல் வைத்து, வளையத்தின் குறுக்களவு சரியாக ஒரு பட்டையின் அகலம் வரும்வரை இறுக்கி நூலால் கட்டினாள். அதைத் தூக்கிப் போட்டாள். இரண்டு இடத்தில் கோட்டை வெட்டியது. மறுபடி போட்டாள். இரண்டு. இசக்கியம்மாள் வாங்கிப் போட்டாள். இரண்டு. ஒரு பட்டை அகலமுள்ள வளையம், பட்டைகளின் மேல் எங்கே எப்படி விழுந்தாலும் இரண்டு இடத்தில் வெட்டாமல் இருக்க முடியாது. அதில் அதிர்ஷ்டத்துக்கு வேலையே இல்லை.

"இந்த வளையத்துல நம்ம ஈர்க்கு எத்தனை இருக்கு?" என்று கேட்டேன்.

வளையத்தை அவிழ்த்து நிமிர்த்திப் பழைய ஈர்க்கால் அளந்தார்கள். மூன்று ஈர்க்கு, அதற்குமேல் ஒரு சின்னத் துண்டு.

"மூணு சொச்சம் ஈர்க்கு சேந்தா ரெண்டு வெட்டு" என்றாள் ஜெயசீலி. "அப்ப ஒரு ஈர்க்குக்கு, ரெண்ட மூணு சொச்சத்தால வகுத்தது. அதான் மிஸ் திருப்பிப் போட்டா அந்த மூணு சொச்சம் வருது! வட்டம் ஈர்க்குக்குள்ளயேதான் சுருண்டு கெடந்துருக்கு!"

வகுப்பில் எழுந்த சத்தத்துக்குப் பக்கத்து அறை ஆங்கில ஆசிரியை வந்து எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பின்னால் எஸ்தர் மிஸ் நின்றார்கள். எவ்வளவு நேரமாக நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து ஜமக்காளத்தின் ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்து கையை நீட்டினார்கள். இசக்கியம்மாள் அவசரமாக இன்னொரு வளையம் கட்டிக் கொடுத்தாள். எஸ்தர் மிஸ் அதைப் போட்டார்கள். குனிந்து எண்ணினார்கள். மறுபடி போட்டார்கள். கோட்டின் மேல் உரசிக்கொண்டு நிற்குமாறு ஓரமாக வைத்துப் பார்த்தார்கள்.

"இந்தச் சூத்திரம் எனக்கு இருபத்தஞ்சு வருஷமாத் தெரியும், கோமதி" என்றார்கள். எழுந்து போகும்போது வளையத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

பல்கலைக்கழகத் தேர்வில் ஈர்க்கும் வரவில்லை, ஜமக்காளமும் வரவில்லை. வழக்கமான சதவீதமும் சராசரியும்தான் கேட்டிருந்தார்கள். கடைசி மூன்று வாரம் பழைய வினாத்தாள்களை வைத்து அரக்கப்பரக்கத் தயார் செய்தோம். ஜெயசீலி தேறினாள். மதிப்பெண் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. தேவைக்குக் கொஞ்சம் மேல். மற்றவர்களும் அப்படித்தான். செய்து பார்த்துப் படித்ததால் மதிப்பெண் கூடியது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் கிடையாது. என்னிடம் போன் பேசிய பெண்ணுக்கு இதையும் சொல்லியாக வேண்டும்.

அடுத்த வருஷம் புது வகுப்பில் ஈர்க்கை எடுத்ததுமே முன்வரிசைப் பெண் சொன்னாள்: "3.14 வரும் மிஸ். சீனியர் அக்காமாரு சொல்லிட்டாங்க." ஒரு வருஷத்தில் அந்த விளையாட்டு தீர்ந்துபோயிற்று. எனக்கு வருத்தமில்லை. எனக்கே விடை தெரியாத கேள்வியாகப் பார்த்துப் பிடிக்கவேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

ஆனி மாதம். நெல்லையப்பர் கோயில் தேரோட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விட்டிருந்தார்கள். தேர் நிலையிலிருந்து கிளம்பும் நேரத்தில் ரதவீதியில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதுதான் கேள்வி. ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள்; சரியான எண் யாருக்கும் தெரியாது. எப்படி எண்ணுவது என்பதையும் நான் சொல்லித்தரவில்லை. விருப்பமுள்ளவர்கள் போய்ப் பார்த்து வரலாம் என்றேன். மூன்றாம் ஆண்டுக்குப் போய்விட்ட, இனிமேல் கணக்கே படிக்கவேண்டியிராத ஜெயசீலி, வகுப்பு வாசலில் வந்து நின்றாள். "நானும் போலாமா மிஸ்? தேரு பாத்ததே இல்ல."

விடுமுறை முடிந்த மதியம் வகுப்புக்குப் போனேன். நான் உள்ளே வந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஒரு குழு மாடியிலிருந்து பார்த்து, ஒரு கடை நீளத்துக்கு எத்தனை தலை என்று எண்ணி வீதி நீளத்தால் பெருக்கியிருந்தது. இன்னொரு குழு வடத்தைப் பிடித்தவர்களை மட்டும் எண்ணித் தொடங்கியிருந்தது. ஜெயசீலியும் இரண்டு பிள்ளைகளும் சந்து முனையில் நின்று, உள்ளே போகிறவர்களையும் வெளியே வருகிறவர்களையும் எண்ணியிருந்தார்கள். மூன்று குழுவுக்கும் மூன்று எண். ஒன்றுக்கொன்று பக்கத்தில்கூட இல்லை.

யாராவது ஒருத்தி என்னைப் பார்த்து, "எது மிஸ் சரி?" என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. ஜெயசீலி மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு, எதிரில் நின்ற புதுப்பெண்ணிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது சரி, நீ எங்கன நின்னு எண்ணுன?"

நான் சாக்பீஸைப் பலகை ஓரத்தில் வைத்துவிட்டு, காலியாகக் கிடந்த ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.